ஆணியில் மாட்டிய வளையல்

மேடையின் மேன்மைக்கும் மைக்கின் பொறுமைக்கும் பொறுப்பேற்றிருக்கும் தலைவர் ஞானதாஸ் ஐயா அவர்களே! மானாம்பதியின் மூத்தோரே! கை நிறைய வளையலோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கை தட்ட இடமில்லாமல் உள்ளிருந்து காலைத் தட்டிக்கொண்டிருக்கும் வருங்கால வாக்காளர்களே! அனைவருக்கும் வணக்கம்!

இந்தச் சமுதாய வளைகாப்பில் பொன்வளையலைப் போற்றவா? கண்ணாடி வளையலைக் கொண்டாடவா? நான் பேச வந்தது ரப்பர் வளையலை! (யாரது சிரிப்பது? அக்கா வீட்டுக்காரர் வசந்த்குமார் மாமாவா? சிரியுங்கள், உங்கள் கதைதான்.)

கண்ணுக்குத் தெரியாத ரசாயனத்தை எல்லாம் உறிஞ்சி வைக்கும் வளையல் அது. கர்ப்பிணிகள் ஏழு நாள் கழற்றாமல் போட்டிருந்தால், எது எவ்வளவு அவர்களைத் தேடி வருகிறது என்று ஆய்வகம் அளந்து சொல்லும். ஐந்தாம் மாதத்தில் என் அக்கா தேவயானிக்கு அதை மாட்டிவிட்டார் செவிலியர் பாக்கியமேரி.

முடிவு வந்தது. மருந்தடிப்பவர் கையில் இருக்கக்கூடிய அளவுக்குப் பூச்சிமருந்து! அக்கா செவிலியரிடம் ஓடினாள்.

“என் புள்ளைக்கு இன்னா ஆவும் சிஸ்டர்?”

“பயப்படாத. எங்கேர்ந்து வருதுன்னு தேடலாம். நீ மருந்தடிக்கிற எடத்துக்குப் போனியா?”

“வயப்பக்கமே போறதில்ல.”

“பின்ன வளையல போட்டுக்கினு எங்கதான் போன?”

“போட்டாத்தானே! கவருமெண்டு பொருளு, அழுக்காவக் கூடாதுன்னு ஆணியில மாட்டி வெச்சிட்டேன்.”

“எந்த ஆணி?”

“இவரு மருந்தடிக்கிற சட்டைய மாட்டுவாரே... அதே ஆணி.”

டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையையே பிரிக்காத பரம்பரையல்லவா நாம்! அளவு பிழைத்தது; அந்தப் பிழையே நஞ்சின் முகவரியைச் சொன்னது! ஏனென்றால் அந்த ஆணிக்கு நேர்கீழேதான் அக்காவின் தலையணை.

அன்று மாலை சட்டையைக் காணோம். மாமா தேடாத இடமில்லை. கண்டது எங்கே? வயலில், வைக்கோல் பொம்மையின் உடம்பில்! (மாட்டியது யாரென்று மேடையில் சொல்வது மரபல்ல.)

“ஏய் வாலு, என் சட்டையக் கயட்டிக் குடு!”

“அது இனிமே வூட்டுக்குள்ள வரமாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கீது மாமா!”

திட்டிய அதே மாமாதான் மறுநாள் ஆணியைப் பிடுங்கினார். இப்போது வெளியிலேயே குளித்து, மாற்றுடையில்தான் வாசல் மிதிக்கிறார்.

ஏழாம் மாதம் இரண்டாவது வளையல். சமைக்கையிலும் கழற்றவில்லை, தூங்கையிலும் கழற்றவில்லை. இன்று காலை வந்த முடிவு? முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! (தட்டுங்கள், மாமாவுக்காகத் தட்டுங்கள்!)

தாய்மார்களே, இன்று உங்கள் கைக்கும் அந்த வளையல் வருகிறது. குலுங்காதுதான், மினுங்காதுதான். அழுக்காகட்டும்! அழுக்காவதற்குத்தானே அது வந்திருக்கிறது? அளந்தால் அறியலாம், அறிந்தால் அகற்றலாம், அகற்றினால் அச்சமேது?

சுவரில் ஆணி இருந்த ஓட்டையை மாமா இன்னும் பூசவில்லை. பிள்ளை பிறந்ததும் தூக்கிக் காட்டுவாராம்.

பொறுத்துக் கேட்ட வெளியாட்களுக்கு நன்றி. உள்ளாட்களே, பத்திரமாக வந்து சேருங்கள். உங்களுக்கு மட்டும் மீதி வணக்கம் நேரில்!