மூச்சு முட்டிய கார்

பாலக்கோட்டிலிருந்து வந்த பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த கார் டிரைவர் பக்கத்துத் தக்காளி வியாபாரியிடம் சொன்னார்:

"எங்க மொதலாளி காருக்கு மூச்சு முட்டுதுன்னுட்டாருங்க ஒரு மெக்கானிக்."

"காருக்கா?"

"ஆமாங்க. ஆக்சிலேட்டர மிதிச்சா இழுக்காம திணறுச்சு. மத்த மெக்கானிக்குங்க எஞ்சினுக்குக் காது குடுத்துப் பாத்துட்டு, கார்பரேட்டரக் கழட்டி மாட்டுனாங்க. இவரு பானெட்டையே தொறக்கல. பெட்ரோல் டேங்க் மூடியத் தளர்த்தி இடுக்குல உள்ளங்கைய வெச்சாரு. டேங்க் கைய உள்ள இழுத்துச்சுங்க."

"எதனால?"

"மழத்தண்ணி எறங்கக் கூடாதுன்னு நாந்தான் மூடிக்கு அடியில பிளாஸ்டிக் பையக் கட்டியிருந்தேன். அது மூடியில இருக்கற காத்து ஓட்டைய அடச்சிருச்சு. காத்து உள்ள போனாத்தான பெட்ரோல் வெளிய வரும். பைய எடுத்ததும் தொப்பூர் மேட்டுல சும்மா பறந்துச்சுங்க."

"எஞ்சின் சத்தத்த அவரு கேட்டே பாக்கலையா?"

"அவருக்குக் காது கேக்காதுங்க."

வியாபாரி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.