காட்டுக்கு யார் பசளை போட்டது?

எழுபதுகளில் ஒரு காலை, மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் இருந்தவர் தன் மச்சானிடம் சொன்னார்: “காட்டை எரிச்சு நான் மண்ணைப் பட்டினி போட்டுட்டன்.”

“எரிச்ச நிலத்திலதானே சோளம் நல்லா வரும்?”

“முதல் வருசம் வந்திச்சு. பிறகு மண்ணில உரமில்லாம முழங்காலுக்கு மேல வளரல்ல. விட்டுட்டுப் போவமெண்டன். என்ட பொஞ்சாதிதான், ‘பக்கத்துக் காடும் இதே மண்ணிலதானே நிக்குது, அதுக்கு யார் பசளை போட்டது?’ எண்டு கேட்டாள். போய்ச் சருகைக் கிளறிப் பாத்தம். மரத்து வேரெல்லாம் மேல வந்து, உக்கின சருகைப் பின்னிக்கொண்டு கிடக்கு. உதிர்ந்த இலையைத்தான் காடு திரும்பச் சாப்பிடுது.”

“பிறகு?”

“சருகைச் சாக்கில கட்டித் தலையில சுமந்தாள். ஒரே இடத்தில அள்ளமாட்டாள், மரமும் பட்டினி கிடக்குமாம். நான் சிரிச்சன், அவள் விடல்ல. ரெண்டு மாரி மழைக்கும் நிலத்தில போட்டாள். இப்ப சோளத்துக்குள்ள அவள் நிண்டா தேடித்தான் பிடிக்கோணும்.”

“கெட்டிக்காரிதான். அப்ப நீ எங்க போறாய்?”

“துறைமுகத்தில வேலைக்கு வரச் சொன்னாங்க. வரல்ல எண்டு சொல்லிட்டு, அடுத்த லோஞ்சில திரும்பிருவன்.”