மூன்று கழுவல்

— மறுபடியும் ரத்த அணுவக் கழுவாமலே உள்ள எவ்வளவு பியூரின்னு எண்ணிட்டியா குவாஜிமா? ஹகொதாதே துறைமுகத்துல கணவாய் மீனுக்குக் குடல் உருவுற வேலைன்னு நெனச்சியா இத?

— குடல் உருவுனாலும் கழுவித்தான் குடுப்போம், டாக்டர் ஷிமோதா. இதக் கழுவக்கூடாதுன்னுதான் கழுவல.

— அடடே! பத்து வருஷம் கண்ணாடிக் குழாய் தேச்சதுல புத்தி முத்திப்போச்சு. இந்த ஆய்வுக்கூடத்துல ரத்த அணுவ உப்புத்தண்ணியில மூணு தடவ கழுவணும். பேராசிரியர் போட்ட முறை.

— நல்ல அணுவுக்கு அந்த முறை சரி. பியூரின் உள்ள போனதும் என்சைம் அதப் புடிச்சுக் கட்டிப்போட்டுடும். முப்பது தடவ கழுவுனாலும் வராது. நம்ம வார்டுல படுத்திருக்கற தெய்ஜிப் பையனோட அணுவுல அந்த என்சைமே இல்ல. உள்ள போனது போன வழியே வெளிய வந்துடுது. நாம கழுவிக் கழுவிச் சாக்கடையில ஊத்திட்டு, உள்ள போகவே இல்லன்னு எழுதிட்டோம்.

— நாமளா? நீ எப்பம்மா எழுதுன? அவன் அணுவுல பியூரின் போற கதவு அடைஞ்சு கிடக்குன்னு எழுதுனது நான். கியோத்தோ மாநாட்டுல எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க.

— கைதட்டுனவங்க யாரும் குழாயத் தொடல. நான் குழாயில எண்ணெய் மேல ரத்தத்த ஊத்தி மெஷின்ல சுத்தவிட்டேன். அணு மட்டும் அடியில எறங்குது, தண்ணி மேலயே நின்னுடுது. கழுவவே வேண்டாம். அஞ்சு செகண்டுல அவன் அணுவுலயும் உங்க அணுவுலயும் ஒரே அளவு பியூரின்.

— என் அணுவா?

— நல்ல ரத்தம்னா இதான்னு நீங்கதான கைய நீட்டுனீங்க.

— பள்ளிக்கூடமே முடிக்காதவ எனக்குக் கதவு காட்டுறா! போய் மூணு தடவ கழுவிட்டு வா.

— கதவு கெடக்கட்டும். அடைஞ்சத முட்டித் தெறக்கறேன்னு ஒம்பது வயசுப் பையனுக்குத் தெனம் ரெண்டு பாட்டில் பியூரின் ஏத்தச் சொல்றீங்களே, அது எங்க போகும்? கட்டிப்போட ஆளில்லாத ஒடம்புல அத்தனையும் யூரிக் அமிலம். ஏத்தறதுக்கு முன்னாடியே மூத்திரத்துல மணல் வந்துச்சு. கிட்னி போயிடும். நிறுத்துங்க.

— நிறுத்தறதா? தன் ஒதட்டையே கடிச்சுத் துப்புற பையன் அவன், வெரலையும் கடிச்சுடக் கூடாதுன்னு கையத் துணியில கட்டி வெச்சிருந்தோம். ஏத்த ஆரம்பிச்சுப் பன்னெண்டு நாள். கடிக்கறது பாதியாக் கொறைஞ்சிடுச்சுன்னு தெனமும் என் கைப்பட எழுதியிருக்கேன். அவங்கம்மா இடுப்பொடியக் குனிஞ்சு, ஒரு பெட்டி முலாம்பழம் வெச்சுட்டுப் போனா. படிச்சவன் கண்ணு பாக்கும், உன் எண்ணெய்க் குழாயா பாக்கும்?

— அப்ப நிறுத்த மாட்டீங்க.

— மாட்டேன். நாளையிலேர்ந்து ரெட்டை அளவு. அதையும் மருந்தகத்துலயே கலக்கச் சொல்லிட்டேன். கணவாய் நாத்தம் புடிச்ச உன் கைக்கு அந்த வேல இனி இல்ல.

— தெரியும். அதனாலதான் இன்னிக்கே பேசறேன். இந்தப் பன்னெண்டு நாளும் கலந்தது நான்.

— அதுக்கென்ன, பதக்கம் வேணுமா?

— நான் எதையும் கலக்கவே இல்ல டாக்டர். வெறும் உப்புத்தண்ணிதான் ஏறுச்சு. சீல் ஒடைக்காத பியூரின் டப்பாவப் பேராசிரியர் மேசையில வெச்சுட்டு வந்திருக்கேன், நீங்க கைப்பட எழுதுன குறிப்பேட்டுக்குப் பக்கத்துல.