சம்பந்தி கேட்ட ஊற்றுத் தண்ணீர்

எண்பதுகளில் ஒரு கோடை. குரங்கணி ஊற்றில் குடிதண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“இந்தத் தண்ணியாலதான் எம் மகளுக்குக் கல்யாணமே கூடுச்சுக்கா.”

“அதெப்படி?”

“பொண்ணு பாக்க வந்த சிலமலைக்காரவுக, இதுல போட்ட காப்பியக் குடிச்சுட்டுத்தான் கைப்பக்குவம் அருமைன்னு சம்மதிச்சாக. அங்க அவுகளுக்கு உப்புக் கெணறு. அதான் வாராவாரம் மோருன்னு சொல்லி இத மககிட்டக் கொண்டுபோய்க் குடுக்குறேன்.”

“மாமியாக்காரி கண்டுபிடிக்கலையா?”

“போன வாரம் கேன் மூடியத் தொறந்து பாத்துருச்சு.”

“வஞ்சுச்சா, சத்தம் போட்டுச்சா?”

“உள்ள போயி ஒரு காலிக் கேனக் கொண்டாந்து நீட்டுச்சு. ‘எனக்கும் ஒண்ணு கொண்டாங்க மதினி. முப்பது வருசமா எங்க வீட்டுக்காரரு என் காப்பியக் கொற சொல்லிக்கிட்டுத் திரியுறாரு’ன்னுச்சு.”