கத்தரிப்பூ நிற அறை

பின்னேரம் நாலரை மணி. ஆஸ்திரேலியாவில், மெல்பனின் நோபல் பார்க்கில் ஒரு மண் தெரு. சனிக்கிழமை... ஆனால் வெளியே ஒரு குஞ்சு குருமான் இல்லை. புல் வெட்டும் மெஷின் சத்தம்கூட இல்லை. எழுபத்தாறாம் ஆண்டு, அக்டோபர் இருபத்துமூன்று. முழுச் சூரிய கிரகணம். பார்த்தால் கண் போய்விடும் என்று ரேடியோவில் நாள்கணக்காகக் கத்தியிருந்தார்கள். மெல்பனே திரையை இழுத்துவிட்டு உள்ளே கிடந்தது.

பேய் வர நடுச்சாமம்தான் வேண்டுமா என்ன? இது பட்டப்பகலில் நடந்தது. என் சினேகிதன் வாசுதேவனின் தங்கை கமலினிக்கு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள்.

கமலினிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. கணவன் கணேசலிங்கம் ஓவர்டைமுக்குப் போயிருந்தான். கிரகண வெளிச்சம் வயிற்றில் பொட்டளவும் படக்கூடாது, பட்டால் பிள்ளைக்கு ஊனம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம்.

வீட்டுக்காரி ஸ்டாவ்ரூலாவுக்கு வேறு பயம். கிரேக்க விதவை, முன்பக்கத்தில் குடியிருந்தாள். கிரகணத்துக்கு முந்தின கிழமை கொடியில் காய்ந்த கமலினியின் கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரச் சேலையைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். அந்தக் காலத்துக் கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனையில் இதே நிறத்தில் ஓர் அறை இருந்தது. அரச குலத்துப் பிள்ளைகள் பிறக்கிற அறை. ஐரீன் என்ற மகாராணி தன் ஒரே மகனை அங்கேதான் பெற்றாள். பிறகு சிம்மாசனத்துக்காக, பெற்ற அதே அறையில் வைத்து, அவன் கண்களைப் பறிக்கச் சொன்னாள். பதினேழு நாள் சூரியன் இருண்டு கிடந்ததாம். இசௌரியர் என்ற அந்த வம்சமே அவளோடு முடிந்தது. அவளையும் கடைசியில் லெஸ்போஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அதுதான் ஸ்டாவ்ரூலாவின் சொந்த ஊர். ஐரீன் அங்கே தக்ளியில் கம்பளி நூல் நூற்றுப் பிழைத்தே செத்தாள்.

"சூரியன் இருண்டால் அவள் அந்த அறையைத் தேடி வருவாள். அன்றைக்கு இந்த நிறத்தை வெளியே எடுக்காதே."

"ஓம் ஓம்" என்று கமலினி தலையாட்டினாள். உள்ளே போய் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கிரகணத்தன்று ஸ்டாவ்ரூலா மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கமலினி கட்டிலில் படுத்தாள். திரை மெல்லியது. ஒரு கீற்று வெளிச்சம் நேரே வயிற்றில் விழுந்தது. பதறி எழுந்து, அலுமாரியில் கைக்குப் பட்ட கனமான சேலையை இழுத்து ஜன்னலில் மாட்டினாள்.

திரும்பினாள். சுவர், கட்டில், அவள் கை... எல்லாம் கத்தரிப்பூ நிறம்.

அப்போதுதான் நினைவு வந்தது. சேலையை இழுக்கக் கை நீட்டினாள்... நின்றாள். இழுத்தால் கிரகணம் பிள்ளைமேல் படும். இழுக்காவிட்டால்...

வெளியே கோழிகள் அவசரமாய்க் கூட்டுக்குள் ஏறின. குருவிச் சத்தம் நின்றது. அறை மங்கியது.

விர்ர்ர்... டக். விர்ர்ர்... டக்.

ஏதோ சுழன்று சுழன்று தரையில் தட்டியது. நனைந்த ஆட்டு மயிர் நாற்றம். சத்தம் கட்டிலைச் சுற்றி வந்து... அவளுக்குப் பக்கத்தில் நின்றது.

வயிற்றில் இரண்டு விரல்கள். மெல்ல நகர்ந்தன. எதையோ தேடின. ஓரிடத்தில் நின்று... அழுத்தின. உள்ளே பிள்ளை துடித்தது.

கமலினி குனிந்து பார்த்தாள். விரலில் மோதிரம். அவளுடைய கலியாண மோதிரம். அவளுடைய வலது கை! இழுத்தாள், வரவில்லை.

"விடு! என்ர பிள்ளை! விடு!"

இடது கையால் சேலையைப் பிடித்து முழுப் பாரத்தோடும் தொங்கினாள். ஆணியோடு பிய்ந்து வந்தது. வெளிச்சம் வரட்டும், என்ன வந்தாலும் வரட்டும் என்று தரையில் கிடந்து அழுதாள். வலது கை மெல்ல அவளுக்குத் திரும்பி வந்தது.

ஆறு மணிக்கு வந்த கணேசலிங்கம் கேட்டான்: "என்னப்பா, வீடெல்லாம் ஆட்டு மணம்?"



ஜனவரியில் ஆண் பிள்ளை பிறந்தான். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் எழுதியே கொடுத்தார்கள். தகப்பன் தூக்கினால் கண்ணை உருட்டி உருட்டிப் பார்ப்பான். ஸ்டாவ்ரூலாவைக் கண்டால் சிரிப்பான். கமலினி அறைக்குள் காலடி வைத்தால் மட்டும்... சத்தமே போடமாட்டான். இரண்டு கையாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொள்வான். பால் குடிக்கும்போதும்தான்.

மகனுடைய கண்களைக் கமலினி போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.