தாட்சாயிணி குறி சொல்றதில்ல

எங்க ஊட்டம்மாவுக்குக் கூச்சம் பூட்ச்சு. அவ்ளோதான் நடந்தது. சாமியும் வரல, பூதமும் வரல. அந்த எலுமிச்சம்பழத்தப் பைக்குள்ள போடு.

நானா? புருஷன். ஜம்புலிங்கம். நீ திருநின்றவூர்லேந்து பஸ்ஸு மாறி மாறி சென்னீர்குப்பம் வந்துகீற, சரி. தாட்சாயிணியம்மா சொன்னா பலிக்குதுன்னு எவனோ ஏத்திவுட்டுக்கீறான். பலிக்குதுன்னு மட்டும் என்னாண்ட சொல்லாத. கோவம் வரும். ஒக்காரு. தண்ணி குடி. குடிச்சிட்டுக் கெளம்பு.

முன்ன அவ எப்படி தெரியுமா? ஊசிப்போன சாம்பார ஊத்தினாக்கூட, நல்லா கீதுக்கான்னு இன்னொரு கரண்டி வாங்குவா. அப்படி ஒரு பொம்பள. போன ஆடியில, கோயில்ல கூழ் ஊத்தறப்போ அண்டாக்குள்ள கையவுட்டு வழிச்சு நக்கினா. தடுக்க வந்தாரு கோயில் தலைவரு பரந்தாமன். அவர மேலயும் கீழயும் பாத்தா. யோவ், தலையில விக்கு கோணையா கீது, நேரா வைய்யான்னா. தெருவே நின்னுட்ச்சு. அப்புறம் பக்கத்துல சொம்போட நின்ன வேலுசாமி. உன் பொண்ணு டயர் கடைப் பையனோட ஓடப்போறா, நீ இங்க கூழுக்கு நிக்கிறன்னா. அடுத்த வாரமே அது ஓடிட்ச்சு.

உடனே அருள்வாக்குன்னுட்டானுங்க.

அட, விக்கு ஊருக்கே தெரியும்பா. காத்தடிச்சா ஒரு கையால தலையப் புடிச்சுகினு வண்டி ஓட்டற ஆளு. அந்தப் பொண்ணையும் பையனையும் கரையான்சாவடி பஸ் ஸ்டாப்புல பாக்காதவன் எவன்? எல்லாரும் முதுகுக்குப் பின்னால பேசினோம். இவ மூஞ்சிக்கு நேரா பேசிட்டா. அதுக்குப் பேரு அருள்வாக்கா?

சொன்னா எவன் கேக்கறான். செவ்வாய், வெள்ளியில வாசல்ல வரிசை. மஞ்சப் பொடவை கட்டி நாற்காலி போட்டு ஒக்கார வெச்சிட்டானுங்க. எலுமிச்சம்பழத்த வீசி அடிச்சா. ஜாங்கிரிய மட்டும் துன்னா. இந்த அம்மனுக்கு ஜாங்கிரிதான் படையல்னுட்டானுங்க. பெட்டி பெட்டியா வருது. சக்கரை ஏறி மயங்கி உழுந்தா, ஆத்தா மலையேறறான்னு கற்பூரம் காட்டறானுங்க.

டாக்டராண்ட ஏன் காட்டலன்றியா? காட்டினோம். மொதல்ல ஒரு டாக்டரு மனக்கவலைன்னு மாத்திரை குடுத்தாரு. தூங்கினா. எழுந்து ஜாங்கிரி கேட்டா. இன்னொருத்தரு ஞாபகசக்தி பாத்தாரு. தேதி, கெழமை, நூறுலேந்து ஏழேழா கழிக்கிறது, எல்லாம் கரெட்டா சொல்ட்டா. கடைசில, உன் வாய் நாறுது டாக்டரேன்னா. அம்மாவுக்கு ஒண்ணியும் இல்லன்னு அனுப்பிட்டாரு.

அப்புறந்தான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அங்க இவள கொஞ்ச நேரந்தான் பாத்தாங்க. கூட வந்த எங்க மருமவளத்தான் தோண்டித் தோண்டிக் கேட்டாங்க, மாமியா முன்ன எப்படி, இப்ப எப்படின்னு. தலைய ஸ்கேன் எடுத்தாங்க. மூளையில முன்பக்கம் சுருங்கிகினே போவுதாம். கூச்சம், எரக்கம், அடுத்தவன் மனசு நோவுமேன்ற நெனப்பு, எல்லாம் அங்கதான் கீதாம். ஃப்ரண்டோ டெம்போரல் டிமென்ஷியான்னு பேரு. ஞாபகம்லாம் பின்னாலதான் போவுமாம். தீக்கிற மருந்து இல்ல. கூட இருந்து பாத்துக்கணும்.

இன்னா? வியாதியாவே இருந்தாலும் சொன்னது நெஜந்தானேன்றியா?

அதத்தான் சொல்லாதன்னேன்.

சரி, வாயக் கிளறிட்ட. நான் பாத்ரூம்ல வழுக்கி உழுந்தேன். மணிக்கட்டு ஒடஞ்சு கத்தறேன். வந்தா. பாத்தா. என்னத் தாண்டிப் போயி ஜாங்கிரிப் பெட்டிய எடுத்துகினா. அந்த வெள்ளிக்கெழம, கட்டுப் போட்ட கையோட நான் நிக்கிறேன், வரிசையில கீற அத்தன பேரு முன்னால சொல்றா: இந்தாளக் கட்டின நாள்லேந்து எனக்குப் புடிக்கல, செத்தா கட்டிலாவது காலியாவும். ஜனம் கன்னத்துல போட்டுக்குது. உனக்கு சொல்றது பலிக்கணும்னா, எனக்கு சொன்னதும் நெஜமாத்தான இருக்கணும்?

பெரிய டாக்டராண்ட இத்தயே கேட்டேன். இந்த வியாதியில அப்படிப் பேசுவாங்கன்னாரு. மனசுல இருந்துச்சா இல்லியா, அது ஸ்கேன்ல தெரியாதுன்னாரு.

தெரிஞ்சுது. டாக்டரால இல்ல. மருமவளால. இது சாமி இல்ல வியாதின்னு மொதல்ல சொன்னவளும் அவதான். எப்படிம்மான்னு கேட்டேன். அத்தைக்கு என்னப் புடிக்காது மாமா, வந்த அன்னிக்கே தெரியும், ஆனா மூஞ்சில காட்டவே மாட்டாங்க, இப்ப காட்டறாங்களேன்னா. ஆஸ்பத்திரிலேந்து ஆட்டோல வரோம். அவளே ஆரம்பிச்சா. மூஞ்சில காட்டாதத அத்தை மீன் கொழம்புல காட்டுவாங்க மாமா. எனக்கு எப்பவும் வால் துண்டுதான். உங்க தட்டுல நடுத்துண்டு உழாத நாள் ஒண்ணு சொல்லுங்கன்னா.

பூந்தமல்லி வர்ற வரைக்கும் யோசிச்சேன். ஒரு நாளும் இல்ல.

போ தம்பி. வந்ததுக்கு யாரையாவது கேட்டுட்டுத்தான் போவணும்னா, சமையக்கட்டுல மருமவ கீறா. அவள கேளு. பேரு லாவண்யா.