றெனோல்ட் விடைபெற்ற வீடு

இரவு ஒரு மணி தாண்டியிருக்கும். மொன்றியலை விட்டுப் பாலம் ஏறி, பெருந்தெருவிலிருந்து இறங்கி, ஒரு சரளைக்கல் ரோட்டில் ஒரு வான் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளவயல். வீடு இல்லை. விளக்கு இல்லை. 2004ஆம் ஆண்டு, நவம்பர் மாதம்... பனி இன்னும் விழவில்லை, ஆனால் நிலம் கல்லாக இறுகத் தொடங்கியிருந்தது.

இது எங்கள் மரியதாசனின் ஒன்றுவிட்ட அண்ணன் வலன்ரைனுக்கு நடந்தது. கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்துகொள்ளும். சொல்கிறேன்.

அந்த வானில் இருந்தவர்கள் கோழி பிடிக்கிறவர்கள். சிரிக்க வேண்டாம், அப்படி ஒரு வேலை இருக்கிறது. இறைச்சிக்கு வளர்க்கிற கோழிகளைப் பகலில் பிடிக்கப் போனால் மிரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் அகப்பட்டவை மூச்சுமுட்டிச் சாகும். அதனால் இரவில் போவார்கள், நீல விளக்கைப் போட்டுக்கொண்டு. நீல வெளிச்சம் நமக்குப் போதும். கோழியின் கண்ணுக்கோ அது ஏறக்குறைய இருட்டு. அசையாமல் குந்தியிருக்கும். காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் கொஞ்சம் சிறகடிக்கும்... பிறகு அடங்கிவிடும். கூட்டில் போட வேண்டியது, அடுத்ததைப் பிடிக்க வேண்டியது. அவ்வளவுதான் தொழில்.

வலன்ரைன் அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவன். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் றெனோல்ட், வலன்ரைனின் மனைவி மாக்கிரட்டின் தம்பி. முப்பது வயது தாண்டியவன், மன்னாரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாக்கிரட்டின் சகோதரர்களில் யுத்தம் மிச்சம் வைத்தது இவன் ஒருவனைத்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு முதல் வேலை. புறப்படும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

"இஞ்சேருங்கோ, கூட்டிக்கொண்டு போறமாதிரியே இவனைக் கூட்டிக்கொண்டு வரோணும்."

"கோழி பிடிக்கத்தானே போறம். புலி பிடிக்கவே?" என்றான் வலன்ரைன்.

அவள் சிரிக்கவில்லை. "சத்தியம் பண்ணுங்கோ."

சத்தியம் பண்ணினான்.

அவர்கள் போன பண்ணையைப் பற்றி வலன்ரைனுக்குத் தெரியும். றெனோல்டுக்குச் சொல்லவில்லை. புதிதாய் வந்தவன், பயந்துவிடுவான் என்று விட்டுவிட்டான்.

அந்தப் பண்ணையில் முன்பு ஒரு புருஷனும் மனைவியும் இருந்தார்கள். இருவரும் 'விடியலின் பிள்ளைகள்' என்ற ஒரு சபையை விட்டு வெளியே வந்தவர்கள். மலையடிவாரத்தில் பெரிய வீடெடுத்து, சாயமிடாத கம்பளி அங்கி போட்டுக்கொண்டு, உலகம் அழியக் காத்திருந்த கூட்டம் அது. பத்திரிகையெல்லாம் நாறிய பெயர். ஒரு பனிக்கால இரவு, அயலில் இருந்த கிழவர் ஒருவர் கேட்டாராம்... புருஷனும் மனைவியும் இருந்த பண்ணைவீட்டு முற்றத்தில் பலர் நின்று ஒரே குரலில், "திரும்பி வா... திரும்பி வா..." என்று விடாமல் சொல்வதை. செபம் என்று நினைத்துக்கொண்டு யன்னலைச் சாத்திவிட்டார்.

விடிந்து பார்த்தால், குசினிக் கூரையைத் தாங்கும் வளையில் இரண்டு பேரும் தொங்கினார்கள். தலைகீழாக. வெள்ளைச் சணல்துணியில் கிழித்த கீலத்தால் கால் கட்டியிருந்தது. சபை தன் சடங்குக்குப் பாவித்த துணி அது. முதலில் கோடரியின் பின்புறத்தால் முழங்கையையும் முழங்காலையும் உடைத்திருக்கிறார்கள். பிறகுதான் கழுத்து. பொலிஸ் சபையைச் சந்தேகித்தது, விசாரித்தது, நிரூபிக்க முடியவில்லை. யாரும் பிடிபடவில்லை. சபை கலைந்தது. நிலத்தை வாங்கியவன் பின்பக்கம் கோழிக்கொட்டகை கட்டினான். வீட்டை இடிக்கக் கூலியாள் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டான்.

கொட்டகைக்குள் நீல விளக்கு. மூக்கைக் குத்துகிற கோழியெச்ச நெடி, கண்ணைக் கரிக்கிற தூசி. பாதி வேலையில் தேநீர் இடைவேளை விட்டார்கள். வலன்ரைன் திரும்பிப் பார்த்தால் றெனோல்டைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் முகம் நனைய வந்தான்.

"எங்கையடா போனனீ?"

"கண்ணுக்கை தூசி விழுந்திட்டுது அத்தான். அந்த வீட்டிலை ஒரு மனிசி தண்ணி வாத்துவிட்டது. நல்ல மனிசி. வாயே திறக்கேல்லை."

"எந்த வீட்டிலை?"

"இந்தா, லைற் எரியுதே."

எரிந்தது. கொட்டகை வாசலால் தெரிந்த குசினி யன்னலில், மஞ்சளாக. அந்த வீட்டுக்கு மின்கம்பி வெட்டி எத்தனையோ வருடம். மீற்றர் இருந்த இடத்தில் தகரத் தட்டு வைத்து ஆணி அடித்திருந்தது. அதை வலன்ரைன் முன்பே கண்டிருக்கிறான்.

"தலைமயிர்தான் அத்தான், பகிடி," றெனோல்ட் சிரித்தான். "எங்கடை பெடியள் ஜெல் பூசி நிப்பாட்டுவாங்கள் எல்லே, அதுமாதிரி. முழு மயிரும் மேலை பாத்து நிக்குது."

இதை யோசித்துப் பாருங்கள். தலைகீழாகத் தொங்குகிற ஒருவரின் கழுத்தை வெட்டினால் இரத்தம் எங்கே போகும்? முகத்தில் வழிந்து, தலைமயிரின் நுனிவரை இறங்கும். குளிரில் அப்படியே காய்ந்து விறைத்துவிடும். பிறகு அந்த ஆள் எழுந்து நின்றால்... மயிர் எந்தப் பக்கம் பார்க்கும்?

வலன்ரைன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நீ அவவோடை என்னடா கதைச்சனீ?"

"மெர்சி எண்டன். பேந்து வெளிக்கிடேக்கை, வாறன் எண்டன்."

"தமிழிலையோ?"

"பிரெஞ்சிலை!" அவனுக்குப் பெருமை. "ஜு றெவியன். வகுப்பிலை போன கிழமைதான் படிப்பிச்சவை."

நாம் ஒரு வீட்டை விட்டு இறங்கும்போது "போறன்" என்று சொல்ல மாட்டோம். "வாறன்" என்போம். போவதற்கு நம் சொல் அது. கேட்கிறவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். செத்த வீட்டில் மட்டும் அதையும் சொல்லாமல் இறங்கிவிட வேண்டும். றெனோல்டுக்கு அது செத்த வீடென்று தெரியாது. தெரிந்த சொல்லை, தெரிந்த அளவு பிரெஞ்சில், சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டான். ஆனால் பிரெஞ்சில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். நான் திரும்பி வருவேன்.

"அதுக்கு அவ என்ன செய்தவ?"

"சிரிச்சவ. கதவைச் சாத்தேல்லை. எனக்காகத் திறந்து வைச்சிருக்கிறா, பாருங்கோ."

வலன்ரைன் அவன் இடுப்புப் பட்டியைப் பிடித்தான். "வானுக்கு நட. கதையாதை. நட."

அப்போது கொட்டகைக்குள் விளக்கு அணைந்தது.

கோழிகள் ஒரு சத்தமும் போடவில்லை... ஒரு மூச்சு இழுக்கிற நேரம். பிறகு அத்தனையும் ஒரேயடியாக எழும்பின. சிறகு, நகம், சொண்டு, இருட்டில் முகத்தில் அடித்தன. இடுப்புயரத்துக்குச் சதைக்குவியல் சரிந்து வந்து ஆட்களைச் சுவரோடு நெரித்தது. வலன்ரைன் பட்டியை விடவில்லை. பட்டி இழுபட்டது. பிறகு லேசாகிவிட்டது. விளக்கு வந்தபோது அவன் கையில் பட்டி மட்டும் இருந்தது.

கூடுகளை நெம்புகிற இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு ஓடினான். கூட வந்தவர்கள் ஒருவரும் அசையவில்லை.

குசினி வாசல் திறந்து கிடந்தது. உள்ளே மெழுகு மணம்... அதற்கடியில் ஈர இரும்பின் மணம். வளையில் இரண்டு உருவம் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தன. மூன்றாவது றெனோல்ட். ஒற்றைக் காலில். சுற்றிவரக் கம்பளி அங்கிகள். எத்தனை பேர், முகம் என்ன, தெரியவில்லை. ஆளா ஆவியா என்று அவன் நின்று பார்க்கவுமில்லை. அலவாங்கைச் சுழற்றினான். நீற்றுப்பூசணி வெடிக்கிற சத்தம். ஒரு அங்கி சரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் மடிந்தது. இன்னொன்றிலிருந்து கோடரி வந்தது. கதவு நிலையைப் பிடித்திருந்த அவன் இடது கையில் இறங்கியது. சின்னவிரலும் அடுத்ததும் தரையில் விழுந்த சத்தத்தை அவன் கேட்டான். வலி பிறகுதான் வந்தது. மற்றக் கையால் துணிக் கீலத்தைப் பிய்த்தான், றெனோல்டின் சட்டையைப் பிடித்து வாசற்படியில் தலை மோத மோத வெளியே இழுத்தான்.

ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

முற்றத்துக்கு வந்ததும் றெனோல்ட் எழுந்து நின்றான். தானாக நடந்தான். வானில் ஏறி நிமிர்ந்து இருந்தான். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது.

"குளிருதோடா?"

தலையாட்டினான்.

"எங்கையும் நோகுதோ?"

பேசவில்லை. பயந்துபோனான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வலன்ரைன் விரல் அறுந்த கையைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு, மற்றக் கையால் வழி முழுக்க அவன் தோளைப் பிடித்தபடி வந்தான். அழுதானாம். சத்தியம் காப்பாற்றப்பட்டது என்ற சந்தோசத்தில் அழுதானாம்.

விடியும் நேரம் மொன்றியலில், அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மாக்கிரட் திறந்தாள். தம்பி நிற்கிறான். அவனைக் கதிரையில் இருத்திவிட்டு வலன்ரைன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அடுத்த நாள் பொலிஸ் அந்த வீட்டுக்குள் இறங்கியது. வளையில் துணிக் கீலம் இல்லை, அங்கி இல்லை. வருடக்கணக்கான தூசி. உள்ளே போன சப்பாத்துத் தடம் வலன்ரைனுடையதும் றெனோல்டுடையதும் மட்டும். கதவு நிலையில் கோடரி வெட்டு, அதன் கீழே இரண்டு விரல். கோடரியைக் காணவில்லை. பழைய சபையில் மிஞ்சியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். ஒருவர் மனநல விடுதியில், மற்றவர்கள் வேறு மாகாணத்தில். நீயும் அந்தச் சபையா என்று வலன்ரைனையே கேட்டார்கள். இன்றுவரை அந்தக் கொலைக்கும் ஆள் பிடிபடவில்லை.

எந்தக் கொலைக்கு என்றுதானே கேட்கிறீர்கள்.

வலன்ரைன் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நடந்ததை மாக்கிரட் பொலிசுக்குச் சொல்லவில்லை. மரியதாசனின் தாயிடம் ஒருமுறை சொன்னாள், அதன்பிறகு வாய் திறக்கவில்லை. தம்பிக்குச் சூடாகப் பால்தேநீர் ஊற்றிக் கொடுத்தாளாம். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து அவன் கடைசிவரை குடித்தான். விக்கவில்லை, இருமவில்லை. கழுத்துத் துணிதான் மெல்ல மெல்லப் பழுப்பாக நனைந்துகொண்டு வந்தது. சிந்திவிட்டானாக்கும் என்று அவள் நினைத்தாள்.

"சீனி காணுமே, தம்பி?" என்று கேட்டாள்.

போதும் என்று அவன் தலையாட்டினான். தலை முன்னுக்குக் குனிந்தது... குனிந்துகொண்டே போனது.